வெள்ளாட்டு மடியில் தினமும் ஒருமுறை புறங்கையை வைத்துப் பாருங்கள்

2018 ஐப்பசியில் ஒரு சாயங்காலம், மேய்ச்சலிலிருந்து திரும்பிய ஆடுகளில் செவலை மட்டும் பின்தங்கி வந்தது. வலது பின்னங்காலை இழுத்து இழுத்து வைத்தது. குட்டி போட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊர் மூலனூர் பக்கம், கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டுப் பூமி. கிளுவை வேலி, வெள்வேல மரம் என்று திரும்பின பக்கமெல்லாம் முள். காலில் முள் ஏறியிருக்கும் என்று குளம்பைத் தூக்கி, டார்ச் அடித்துப் பத்து நிமிஷம் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. குட்டி இரண்டும் முட்டி முட்டிக் கத்தின, செவலை அவற்றை உதைத்துத் தள்ளியது. மாமியார் "திருஷ்டி பட்டிருக்கு சாமி" என்று மிளகாய் சுற்றிப் போட்டார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் போய்ப் படுத்துவிட்டேன்.

விடியற்காலையில் மடியைத் தொட்டபோது வலது பாதி சில்லென்று இருந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் கத்தரிக்காய் நிறம். காம்பைப் பீச்சினால் கறி கழுவின தண்ணீர் மாதிரி ஏதோ வந்தது. வலி காலில் இல்லை, மடியில். வீங்கின மடி தொடையில் உரசியதால்தான் ஆடு காலை அகட்டி இழுத்து நடந்திருக்கிறது. நான் குளம்பில் முள் தேடிய அந்தப் பத்து நிமிஷத்தில் மடியை ஒருதரம் தொட்டிருந்தால் ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

செவலை பிழைத்தது, பாதி மடியோடு. அந்தக் கதை பிறகு வரும். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பழக்கம்: கறவையில் இருக்கிற ஆடு ஒவ்வொன்றின் மடியிலும் தினமும் ஒருமுறை புறங்கையை வைத்துப் பார்ப்பேன். உள்ளங்கை வேலை செய்து காய்த்துப் போயிருக்கும், சூடு சரியாகத் தெரியாது. குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி புறங்கைதான் வைக்க வேண்டும். வலது பாதியில் ஒருதரம், இடது பாதியில் ஒருதரம். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் சரி. ஓர் ஆட்டுக்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

மாட்டு மடிக்கு நான்கு அறை, நான்கு காம்பு. வெள்ளாட்டுக்கு இரண்டே இரண்டு. இரண்டுக்கும் நடுவில் சவ்வு உண்டு, ஒரு பக்கத்துப் பால் அடுத்த பக்கம் போகாது. நமக்கு இது பெரிய வசதி. எந்த ஆட்டைப் பார்த்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பக்கம் அதனிடமே இருக்கிறது. அளவு, சூடு, நிறம், மிருது என்று எதிலாவது ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் அந்தப் பக்கத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

தொட்டால் என்ன தெரியும்

நல்ல மடி கறந்து முடித்ததும் வெறும் துணிப்பை மாதிரி சுருங்கித் தொங்கும். உள்ளே விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. அதனால் தடவிப் பார்ப்பதைக் கறந்த பிறகு செய்யுங்கள். பால் நிறைந்த மடியில் கட்டி இருந்தாலும் தெரியாது.

ஒரு பாதி சூடாக, சிவந்து, வீங்கி, தொட்டால் ஆடு துள்ளினால் அது வெளிப்படையாகத் தெரிகிற மடிநோய், அதாவது கிருமி புகுந்து மடி வீங்குவது. பாலில் தயிர்த் துணுக்கு மாதிரி, திரி திரியாக வரும். சில சமயம் மஞ்சள் தண்ணீராக வரும். தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். வெள்ளாட்டுக்கு 102 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம், எங்கள் ஊர் சித்திரை வெயிலில் நிற்கிற ஆட்டுக்குக் கொஞ்சம் கூடத்தான் காட்டும். நிழலில் நிற்கிற ஆட்டுக்கு 104-க்கு மேல் போய், தீவனமும் எடுக்கவில்லை என்றால் டாக்டருக்குப் போன் பண்ண வேண்டியதுதான்.

சூடான மடியைக் கண்டு எல்லாரும் பதறுகிறார்கள். நான் பதறுவது குளிர்ந்த மடிக்கு. சூடு இருந்தால் ரத்தம் ஓடுகிறது, உடம்பு சண்டை போடுகிறது என்று அர்த்தம். குளிர்ந்து, நீலமாகி, கறுத்துவிட்டால் அந்தச் சதைக்கு ரத்தமே போகவில்லை. அழுகல் மடிநோய் என்பது இதுதான். பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி விடுகிற நஞ்சு ரத்தக்குழாய்களை அடைத்துச் சதையைச் சாகடிக்கிறது. அந்த நஞ்சு உடம்பிலும் ஏறுவதால் காலையில் மேய்ந்த ஆடு மறுநாள் செத்துக் கிடக்கலாம். ஆரம்பத்தில் காய்ச்சல் அடிக்கும், முற்றிய பிறகு உடம்புச் சூடு சாதாரணத்துக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை என்று நிம்மதியாகிவிடாதீர்கள். குட்டி போட்ட முதல் சில வாரங்களில்தான் இது அதிகம் வருகிறது.

அப்புறம், மடி பெரிதாக இருந்தாலே நோய் என்று பயந்துவிடவும் கூடாது. தலைச்சேரி இனத்து இளம் ஆடு ஒன்று முதல் ஈத்துக்குச் சினை முற்றிய சமயத்தில், மடி கல்லு மாதிரி இருக்கிறது அக்கா என்று பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஓடி வந்தாள். போய் விரலால் அழுத்தினேன். மாவில் அழுத்தின மாதிரி பள்ளம் விழுந்து மெதுவாக நிரம்பியது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சூடு இல்லை, ஆடு நன்றாக அசை போட்டது. அது நீர்க்கோப்பு. குட்டி போடும் சமயத்தில் வரும், சில நாளில் தானே வடியும். வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, கீழிருந்து மேல் நோக்கித் தடவிக் கொடுத்தால் போதும். அதேபோல, குட்டி போட்ட முதல் சில நாளில் பால் இளஞ்சிவப்பாக வருவதும் உண்டு. பாலைக் கண்ணாடி டம்ளரில் வைத்தால் சிவப்பு அடியில் படியும், மடியில் சூடோ கட்டியோ இருக்காது. சின்ன ரத்தக்குழாய் உடைந்ததால் வருவது, பெரும்பாலும் தானே நின்றுவிடும். நாலைந்து நாளுக்கு மேல் நீடித்தால் காட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. குட்டி போட்டதும் மடி இரண்டு பக்கமும் இறுகிப்போய் இருக்கும். சூடில்லை, பால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சங்கு அளவுதான் வரும். இதற்கு ஒருவகை வைரஸும் காரணமாகலாம், மூட்டு வீக்கத்தையும் அதே வைரஸ் கொடுக்கும். ஊசி போட்டுச் சரியாகிற சங்கதி இல்லை. பல ஆடுகளுக்கு ஒரே சமயத்தில் பால் வற்றி, சிலதுக்கு மூட்டு வீங்கி, சிலதுக்குக் கண் சிவந்து நீர் வடிந்தால் அது வேறு தொற்று, மைக்கோபிளாஸ்மா. பட்டிக்கு வெளியே ஓர் ஆட்டையும் விடாமல், வெளி ஆட்டையும் சேர்க்காமல், உடனே டாக்டரை வரவழையுங்கள்.

கறுப்பு மூடியும் துணி சோப்புத் தூளும்

கறக்கும்போது முதல் இரண்டு பீச்சைப் பாத்திரத்தில் விடக் கூடாது. நான் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடியில் விடுகிறேன். கறுப்பில் வெள்ளைத் துணுக்கு பளிச்சென்று தெரியும். தரையில் பீச்சுவது ரொம்பப் பேருக்குப் பழக்கம். நோய்ப் பாலாக இருந்தால் அதே தரையில்தான் அடுத்த ஆடு படுக்கும்.

வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே இருக்கிற மடிநோய்தான் எண்ணிக்கையில் அதிகம். ஆடு தின்னும், மடி பார்க்க நன்றாக இருக்கும், பால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், குட்டி வயிறு ஒட்டிக் கிடக்கும். குட்டிக்குப் பூச்சி மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்போம். இதைப் பிடிக்க ஒரு மலிவான வழி சோப்புத் தூள் சோதனை. அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் துணி துவைக்கிற தூளைக் கரைத்து வையுங்கள். இரண்டு சாஸரில் ஒன்றில் வலப்பக்கப் பால், மற்றதில் இடப்பக்கப் பால். பாலுக்குச் சமமாகக் கரைசலை ஊற்றி மெதுவாகச் சுற்றுங்கள். தண்ணீராகவே ஓடினால் நல்ல பால். ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி இறுகி, சாஸரோடு ஒட்டிக்கொண்டு சுற்றினால் அந்தப் பக்கத்தில் கோளாறு.

லேசாக இழுத்தாலே நோய் என்று மாட்டுக்காரர்கள் சொல்கிற கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டு நான் ஏமாந்திருக்கிறேன். கரைசலை இறுக வைப்பது பாலில் இருக்கிற செல்கள். வெள்ளாட்டுப் பாலில் நோய் இல்லாதபோதும் அவற்றின் எண்ணிக்கை மாட்டுப் பாலைவிட அதிகமாக இருக்கும். மடி பால் சுரக்கிற முறையே அப்படி. அதனால் கரைசல் லேசாக இழுப்பது சகஜம். சீம்பாலிலும், பால் வற்றப்போகிற கடைசி வாரங்களிலும், ஆடு பருவத்துக்கு வந்த நாளிலும் இன்னும் இழுக்கும். முதல் தடவை சோதித்தபோது பட்டியில் பாதிக்கு மேல் நோய் என்று காட்டியது, அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. இப்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: ஒரு சாஸர் இறுகி மற்றது ஓடுகிறதா? அப்படியானால் சந்தேகம். இரண்டும் ஒரே மாதிரி லேசாக இழுத்தால் குறித்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் அம்மாயி பாலை நாக்கில் வைத்து, உப்புக் கரித்தால் மடியில் கோளாறு என்று சொல்லிவிடுவார். உண்மைதான், நோய்ப் பாலில் உப்பு கூடும். ஆனால் நீங்கள் பச்சைப் பாலை நாக்கில் வைக்காதீர்கள். வெள்ளாட்டுப் பச்சைப் பாலில் புரூசெல்லா என்ற கிருமி வரலாம், மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் கொடுக்கும். குழந்தைக்கு நல்லது, சளிக்கு நல்லது என்று பச்சையாகக் கேட்டு வருகிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். பொங்கப் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். நோய்ப் பால் அடுப்பில் வைத்தால் திரிந்து போவதும் ஓர் அடையாளம்.

எதனால் வருகிறது: குட்டி விற்கிற நாளும் ஒரு காரணம்

கொட்டகை அசுத்தம், ஈரம், கறப்பவர் கை, இதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான், உண்மையும்கூட. ஐப்பசி மழையில் புழுக்கை ஊறிய தரையில் படுக்கிற ஆட்டுக்கு வராமல் இருந்தால்தான் அதிசயம். பரண் கொட்டகையில் கொஞ்சம் தேவலை, பலகை இடுக்கு அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால். இதைவிட, யாரும் கவனிக்காத ஒரு காரணத்தை எங்கள் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

நாம் குட்டிக்காக ஆடு வளர்க்கிறவர்கள். மூன்று மாதம் ஆனதும் வியாபாரி வண்டி வரும், இரண்டு குட்டியையும் ஒரே நாளில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பணத்தை எண்ணுவோம். ஆட்டுக்கு யார் சொல்வது? அது வழக்கம்போலப் பால் சுரந்துகொண்டே இருக்கும். மறுநாள் மடி பாறை மாதிரி இறுகும், காம்பிலிருந்து பால் தானே சொட்டும், அந்த ஈரக் காம்பு தரையில் படும். கிருமிக்கு இதைவிட நல்ல வாசல் வேண்டுமா? தலைச்சேரியும் ஜமுனாபாரிக் கலப்பும் பால் கூடின இனம் என்பதால் இந்தத் தொல்லை அவற்றுக்கு அதிகம். பால் குறைந்த கொடி ஆடு வைத்திருக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

நான் செய்வது இப்படி. முடிந்தால் இரண்டு குட்டியையும் ஒரே நாளில் கொடுப்பதில்லை, பெரியதை முதலில், பத்து நாள் கழித்துச் சின்னதை. கடைசிக் குட்டி போவதற்கு மூன்று நாள் முன்பே அடர்தீவனத்தை நிறுத்தி, கடலைக்கொடி, அகத்தி எதுவும் காட்டாமல், காய்ந்த சோளத்தட்டு மட்டும் போடுவேன். தண்ணீரை நிறுத்தச் சொல்கிறவர்களும் உண்டு. எங்கள் வெயிலுக்கு அது கூடாது, தண்ணீர் எப்போதும்போல வைக்கிறேன். குட்டி போன பிறகு மடி ரொம்ப இறுகி ஆடு நிற்க முடியாமல் தவித்தால் கொஞ்சம் பீச்சி இறுக்கத்தைத் தளர்த்துவேன். முழுசாகக் கறந்துவிட்டால் மறுபடி சுரக்கும், ஆகவே பாதியோடு நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தடவை பீச்சிய பிறகும் காம்பை அயோடினில் முக்க வேண்டும். ஒரு வாரம் காலையும் மாலையும் புறங்கை வைத்துப் பார்ப்பேன்.

ஒற்றைக் குட்டி போட்ட ஆட்டில் வேறொரு தொல்லை. குட்டி பழகின காம்பிலேயே குடிக்கும். மற்றது தேங்கிப் புடைத்து, காம்பு பாட்டில் மாதிரி பெருத்துவிடும், பிறகு குட்டி வாயில் பிடிக்கவே முடியாது. அந்தப் பக்கத்தை நாம்தான் கறக்க வேண்டும். அந்தப் பால்தான் நான் முதன்முதலில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தது. பால் வியாபாரம் அப்படித்தான் ஆரம்பித்தது.

காம்புக் காயத்தையும் சொல்ல வேண்டும். கிளுவை முள் கீறல், குட்டியின் பல் பட்ட வெடிப்பு, உண்ணி கடித்த இடம், எல்லாமே கிருமி தங்குகிற இடம். குட்டிகளின் வாயோரத்தில் பொருக்குப் பொருக்காகப் புண் இருந்து, அம்மாவின் காம்பிலும் அதே பொருக்கு வந்தால் அது வைரஸ் புண். அது மனிதர் கையிலும் ஒட்டும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பொருக்கைப் பிய்க்கவும் வேண்டாம்.

கறக்கிற கை

எங்கள் ஊரில் பெருவிரலை மடக்கி, கணுவால் காம்பை நசுக்கிக் கறக்கிற பழக்கம் ஆண்களிடம் அதிகம். வேகமாக வரும்தான். ஆனால் காம்பின் உள்தோல் நசுங்கிப் புண்ணாகும். கீழே இழுத்து இழுத்துக் கறப்பதும் அப்படியே. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் மேல்பக்கத்தை மூட, மற்ற விரல்கள் வரிசையாக மேலிருந்து கீழே அழுத்த வேண்டும். காம்பு சின்னதாக இருந்தால் இரண்டு விரலால் மென்மையாக.

நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவி, மடி அழுக்காக இருந்தால் வெளிர் ரோஜா நிறத்தில் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் தண்ணீரில் காம்பை மட்டும் கழுவி, ஆட்டுக்கு ஒரு துணி என்று தனித்தனியாகத் துடைத்துக் காய விட வேண்டும். ஈர மடியைக் கறந்தால் அழுக்குத் தண்ணீர் கை வழியாகக் காம்புக்கு இறங்கும். ஒரே துணியால் பத்து ஆட்டைத் துடைப்பதற்குத் துடைக்காமலே விடலாம்.

கறந்து முடித்ததும் மருந்துக்கடையில் கிடைக்கிற 5 சதவீதப் போவிடோன் அயோடின் கரைசல் ஒன்பது பங்கும் கிளிசரின் ஒரு பங்கும் கலந்து, சின்னக் குப்பியில் ஊற்றி, காம்பு நனைய முக்குங்கள். கிளிசரின் இல்லாமல் முக்கினால் பனிக்காலத்தில் காம்பு வெடிக்கும். காம்புத் துவாரம் கறந்த பிறகு அரை மணி நேரமாவது திறந்தே இருக்கும். அந்த நேரம் ஆடு படுக்காமல் இருக்க, தீவனத்தைக் கறப்பதற்கு முன்னால் வைக்காமல் பின்னால் வையுங்கள். எனக்குச் செலவே இல்லாமல் பலன் கொடுத்த மாற்றம் இதுதான். குட்டி கூடவே இருந்து குடிக்கிற ஆட்டுக்கு இந்த முக்கல் அவசியமில்லை.

வரிசையும் முக்கியம். முதல் ஈத்து ஆடு முதலில், பிறகு நோய் இல்லாதவை, சந்தேகமானது கடைசியில். நோய் ஆட்டைக் கறந்த கையோடு அடுத்ததைத் தொட்டால் நோயை நாமே ஊட்டிவிடுகிறோம். திருட்டுக் குட்டிகளும் இதே வேலையைச் செய்யும். ஓர் ஆட்டிடம் குடித்துவிட்டு, இன்னொன்றின் பின்னங்கால் இடுக்கில் புகுந்து குடிக்கிற குட்டி எல்லாப் பட்டியிலும் ஒன்று இருக்கும். நோய் ஆட்டையும் அதன் குட்டியையும் தனியாகக் கட்டுங்கள்.

நோய் கண்ட பிறகு

முதல் வேலை, கால்நடை மருந்தகத்துக்குப் போன். ஆட்டைக் கொண்டுபோக முடியாவிட்டால் 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். காத்திருக்கும் நேரத்தில் நோய்ப் பக்கத்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீச்சி வெளியேற்றுங்கள். கிருமியும் நஞ்சும் அதோடு போகும். அந்தப் பாலைக் குழியில் ஊற்றிச் சுண்ணாம்புத் தூள் போட்டு மூடுங்கள், குட்டிக்கும் நாய்க்கும் வேண்டாம். சூடும் சிவப்புமாக இருந்தால் குளிர்ந்த தண்ணீர் ஊற்றலாம், ஆட்டுக்கு இதமாக இருக்கும்.

டாக்டர் வந்ததும் ஊசி போடும் முன்னால் பால் மாதிரி எடுத்துவிடச் சொல்லுங்கள். மருந்து போன பிறகு எடுத்தால் எந்தக் கிருமி என்று தெரியாமல் போகும். முதல் பீச்சுகளை விட்டுவிட்டு, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, கொதிக்க வைத்து ஆறிய சின்னப் புட்டியில் விளிம்பைத் தொடாமல் பீச்சி, ஐஸ் வைத்து அனுப்ப வேண்டும். எங்கள் பக்கத்துக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்று சோதனையில் தெரியும். ஒரு மருந்து கேட்கவில்லை என்று கடையில் கேட்டு அடுத்தது, அதுவும் கேட்கவில்லை என்று மூன்றாவது என்று போனவர்கள் கடைசியில் ஆட்டையும் இழந்தார்கள், பணத்தையும் இழந்தார்கள்.

காம்புக்குள் ஏற்றுகிற மருந்து டியூப் மாட்டுக்கென்று செய்தது. ஆட்டுக்குச் சின்ன மடிதானே என்று ஒரு டியூபை இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதி ஏற்றி நான் மாட்டிக்கொண்டேன். நோய்ப் பக்கத்திலிருந்த கிருமி டியூப் முனையோடு நல்ல பக்கத்துக்கும் போனது. ஒரு டியூப் ஒரு பக்கத்துக்குத்தான். முழுசாகக் கறந்து, காம்பு நுனியை ஸ்பிரிட்டால் துடைத்து, முனையை மட்டும் கொஞ்சமாக நுழைத்தால் போதும். அடி வரை குத்தினால் துவாரம் கிழியும். டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாளும் போட வேண்டும், இரண்டாம் நாளே பால் வெள்ளையாகிவிட்டதே என்று நிறுத்தக் கூடாது. மருந்து போடும் நாளிலும் அதற்குப் பிறகு டாக்டர் சொல்கிற நாள் வரையும் இரண்டு பக்கத்துப் பாலையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

மூலிகையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மருத்துவப் பயிற்சியில் மாட்டுக்குச் சொல்லித்தருகிற அளவு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்தால் சிவப்புப் பசை வரும். கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் இளக்கி, மடியைக் கழுவிப் பீச்சிய பிறகு ஒரு நாளைக்குப் பத்து முறை வரை மடி முழுக்கப் பூச வேண்டும், ஐந்து நாள். ஆட்டு மடிக்கு இதில் கால் பங்கு அரைத்தாலே ஒரு நாளுக்குத் தாராளம். தினமும் புதிதாக அரைக்க வேண்டும். லேசான வீக்கத்துக்கு நானே செய்து பலன் பார்த்திருக்கிறேன். ஆனால் காய்ச்சல் அடிக்கிற ஆட்டுக்கும், மடி குளிர்ந்த ஆட்டுக்கும் பசை அரைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அவற்றுக்கு டாக்டர்தான்.

செவலைக்கு அன்று பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். குளுக்கோஸ் ஏற்றினார், நஞ்சுக்கும் வலிக்கும் கிருமிக்கும் ஊசிகள் போட்டார். உயிரைக் காப்பாற்றப் பார்க்கலாம், மடியை இல்லை என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் தழை கடித்தது. பத்து நாளில் கறுத்த சதைக்கும் நல்ல சதைக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி பிரிந்தது. பிறகு ஒரு மாதம் அந்தப் பாதி துண்டு துண்டாக உரிந்து விழுந்தது. நாற்றம் வாசல் வரை வந்தது. தினமும் இருமுறை கழுவி, ஈ மொய்க்காமல் ஓரத்தில் வேப்பெண்ணெய் தடவி, டாக்டர் கொடுத்த ஸ்ப்ரே அடித்து, புழு வைக்காமல் பார்த்துக்கொண்டோம். தொங்குகிற சதையை நாமே இழுத்துப் பிய்க்கக் கூடாது, ரத்தம் கொட்டும். குட்டிகளில் ஒன்றை வேறோர் ஆட்டோடு பழக்கினேன், மற்றதை மாட்டுப் பாலில் புட்டி வைத்து வளர்த்தேன். அடுத்த ஈத்தில் செவலை ஒற்றைக் குட்டி போட்டு, ஒரே பாதியில் பால் கொடுத்து அதை ஆளாக்கியது.

எல்லாவற்றையும் அப்படி வைத்திருக்க முடியாது. ஒரே ஈத்தில் மூன்று தடவை மடிநோய் வந்தது, உள்ளே கெட்டிக் கட்டி நிரந்தரமானது, மடி முழங்காலுக்குக் கீழே தொங்கி முள்ளில் உரசுவது, இவற்றைப் பட்டியிலிருந்து கழிக்கிறேன். பால் வற்றிய காலத்தில் ஒரு மருத்துவமும் உண்டு. அடுத்த குட்டிக்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்தி, பழைய நோயாளிகளுக்கு மட்டும் டாக்டரிடம் கேட்டு மருந்து ஏற்றிவிடுவது. கிடா வாங்கும்போதுகூட அதன் தாயின் மடியைப் பார்க்கிறேன். மடி வாகு கிடா வழியாகத்தான் பட்டி முழுக்கப் பரவுகிறது.

கன்னிவாடிச் சந்தைக்குப் பால் ஆடு வாங்கப் போனால் மடியின் பருமனைப் பார்த்து மயங்காதீர்கள். முதல் நாளிலிருந்து கறக்காமல், குட்டியையும் விடாமல் நிறுத்தி ஓட்டி வந்திருப்பார்கள். பின்னால் குனிந்து இரண்டு பாதியும் சமமா என்று பாருங்கள். புறங்கையை வையுங்கள். இரண்டு காம்பிலும் பீச்சச் சொல்லி உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள். முழுக்கக் கறந்த பிறகு கட்டி தட்டுப்படுகிறதா என்று தடவுங்கள். கறந்து பார்க்க விடாதவரிடம் நான் விலை கேட்பதில்லை, அடுத்த ஆட்டுக்கு நகர்ந்துவிடுவேன்.